காஷ்மீரத்து விருந்தாளி

பிழை திருத்தம் என்று ஒரு பகுதி எல்லாப் பத்திரிகைகளிலும் உண்டு. வழக்கமாக அது கடைசிப் பக்கத்தின் அடியில், மூக்குக் கண்ணாடி போட்டவர்களும் மூக்கைக் காகிதத்தில் உரசிக்கொண்டு படிக்க வேண்டிய சிறிய எழுத்தில் இருக்கும். நாமும் அந்தச் சம்பிரதாயத்தையே அனுசரித்திருக்கலாம். ஆனால் நாம் செய்த பிழை சிறிய எழுத்தில் அடங்குவதாக இல்லை. வீடு தேடி வந்த ஒரு விருந்தாளியின் ஊரையும் பேரையும் மாற்றி ஊரறியச் சொல்லிவிட்டோம். ஆகையால் இந்த வாரப் பகுதி முழுவதையும் அந்த விருந்தாளிக்கே கொடுத்துப் பிராயச்சித்தம் செய்துகொள்ள உத்தேசித்திருக்கிறோம்.

விருந்தாளி ஒரு குருவி. நீளம் சுமார் 5 அங்குலம். எடை, தபாலில் போடும் ஒரு சாதாரணக் கடிதத்தின் எடைதான்.

இரண்டு வருஷங்களுக்கு முன், மார்கழி மாதத்தில், உதகமண்டலத்தில் ஒரு நண்பர் வீட்டில் சில நாள் தங்கினோம். அங்கே கண்டவற்றை இந்தப் பகுதியில் எழுதியதும் நேயர்களுக்கு நினைவிருக்கலாம். ஒரு நாள் காலையில், புல்லின்மேல் உறைபனி இன்னும் வெள்ளையாகப் படிந்திருந்தபோது, தோட்டத்து மூலையிலுள்ள பழைய நாவல் மரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு குருவி வந்து உட்கார்ந்தது. முதுகு சாம்பல் நிறம். கழுத்தும் மார்பும் நல்ல செங்காவி. அந்தச் சிவப்பு மார்போடு நில்லாமல் இரண்டு விலாப்புறங்களிலும் இறங்கியிருந்தது. கழுத்தின் இரு பக்கமும், மை தொட்டு இழுத்தாற்போல் ஒரு கறுப்பு ஓரம். அது சட்டென்று வாலை உயர்த்தி இறக்கும்போதெல்லாம், கறுத்த வாலின் அடியில் இரு பக்கமும் வெள்ளை பளிச்சிட்டது. ஒரு பூச்சியை அந்தரத்திலேயே பிடித்து விழுங்கிவிட்டு, பழைய கிளைக்கே திரும்பிற்று.

இவ்வளவையும் ஒழுங்காக எழுதினோம். அதோடு நிறுத்தியிருந்தால் தொல்லை இல்லை. நண்பரின் அலமாரியிலிருந்த ஒரு புஸ்தகத்தைப் புரட்டி, "இது ஐரோப்பாக் கண்டத்திலிருந்து நம் நாட்டுக்குக் குளிர்காலத்தில் வரும் செம்மார்பு ஈப்பிடிப்பான்" என்று கம்பீரமாக முடித்துவிட்டோம். 'அந்நிய நாட்டிலிருந்து வந்தாலும் நம் நாவல் மரத்தில் அதற்கு இடம் உண்டு' என்று ஒரு முத்தாய்ப்பும் வைத்தோம். அதைப் படித்து நாமே மகிழ்ந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

ஒரு வாரம் கழித்துக் குன்னூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. கோபமாக ஒன்றும் எழுதவில்லை. நம்முடைய வர்ணனையையே எடுத்து, வரிக்கு வரி எண்ணிட்டு, நம்மிடமே திருப்பி அனுப்பியிருந்தார். விலாவில் சிவப்பு என்று எழுதியது யார்? நாம். கழுத்தோரத்தில் கறுப்பு என்று எழுதியது யார்? நாம்தான். அந்த இரண்டு அடையாளங்களும் ஐரோப்பாக் குருவிக்குக் கிடையாது. "ஐயா, உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. புஸ்தகம்தான் உங்கள் கையைப் பிடித்துத் தவறாக எழுத வைத்துவிட்டது. அந்தக் குருவி அந்நிய நாட்டிலிருந்து வந்ததல்ல, காஷ்மீரத்திலிருந்து வந்தது" என்று கடிதம் முடிந்திருந்தது.

கண்ணால் கண்டதை விட்டுவிட்டுப் புஸ்தகத்தில் இருந்ததைப் பிடித்துக்கொள்வது படித்தவர்களுக்கே உரிய ஒரு வியாதி. அந்த வியாதி நமக்கும் இருக்கிறது என்று தெரிந்தபின், அதற்கு மருந்தாக இந்தக் குருவியின் வரலாற்றைக் கொஞ்சம் விசாரித்தோம். விசாரிக்க விசாரிக்க, ஒரு சின்னஞ்சிறு பட்சிக்குச் சரியான பெயர் வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கிற்று.

*

முதலில் அந்த மூன்று குருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றும் அக்காள் தங்கைகளைப் போல் ஒரே ஜாடை. மூன்றுக்கும் வால் கறுப்பு. வாலின் அடியில் இரு பக்கமும் வெள்ளை. மூன்றும் குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வருகின்றன.

முதலாவது, நாம் பெயர் தவறிச் சொன்ன செம்மார்பு ஈப்பிடிப்பான். மத்திய ஐரோப்பாவிலிருந்து மேற்கு ஸைபீரியா வரையிலுள்ள காடுகள் இதன் பிறப்பிடம். ஐரோப்பாவில் பிறக்கும் பட்சிகளில் அநேகம் குளிர்காலத்தில் தெற்கே ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. இந்தக் குருவியோ கிழக்கே திரும்பி இந்தியாவை நோக்கிப் புறப்படுகிறது. வயது வந்த ஆண் குருவியின் சிவப்பு கழுத்திலும் மேல் மார்பிலும் மட்டுமே இருக்கும். அந்தச் சிவப்பைக் குளிர்காலத்திலும் அது வைத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, டைகா ஈப்பிடிப்பான். டைகா என்பது வட ஆசியாவில் பரந்து கிடக்கும் ஊசியிலைக் காடு. ஊரல் மலைக்குக் கிழக்கே தொடங்கிக் கம்சாட்கா வரை இக்குருவி இனம் பெருக்குகிறது. இதற்குச் சிவப்பு தொண்டையில் மட்டும். அதற்குக் கீழே மார்பில் சாம்பல் நிறம் பட்டையாகச் சூழ்ந்திருக்கும். கல்யாணச் சீசன் முடிந்ததும் ஆண் குருவி அந்தச் சிவப்பு இறகுகளை உதிர்த்துவிடும். ஆகவே, குளிர்காலத்தில் ஆணையும் பெண்ணையும் எளிதில் பிரித்தறிய முடியாது. நம் நாட்டின் கிழக்குப் பாகத்திலும் அதற்கப்பால் தென்கிழக்கு ஆசியாவிலும் இது குளிர்காலத்தைக் கழிக்கிறது.

மூன்றாவதுதான் காஷ்மீர ஈப்பிடிப்பான். மற்ற இரண்டும் கண்டங்களை அளந்துகொண்டிருக்க, இதன் பிறப்பிடம் மிகச் சிறியது. காஷ்மீரப் பள்ளத்தாக்கையும் பீர் பஞ்சால் மலைத்தொடரையும் ஒட்டிய வட மேற்கு ஹிமாசலச் சரிவுகளில், ஏறக்குறைய 6,000 அடி முதல் 7,500 அடி வரையுள்ள உயரத்தில், அகன்ற இலை மரங்கள் அடர்ந்த காடுகளில் மட்டுமே இது கூடு கட்டுகிறது. அக்ரோட்டு, காட்டுச் செர்ரி, ஹேஸல் முதலிய மரங்கள் செறிந்த காடுகள் அவை. மரப்பொந்துகளில்தான் முட்டையிடும்.

ஆவணி, புரட்டாசியில் புறப்பட்டு, பெரும்பாலும் இரவிலேயே பறந்து, பகலில் மரங்களில் இளைப்பாறி, ஐப்பசி வாக்கில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கையின் மலைநாட்டுக்கும் வந்து சேருகிறது. நீலகிரியும் நுவரேலியாவும் அதன் குளிர்கால வாசஸ்தலங்கள். ஸ்ரீநகரிலிருந்து நுவரேலியாவுக்கு நேர்கோட்டில் சுமார் 1,900 மைல். "காஷ்மீரம் முதல் கன்னியாகுமரி வரை" என்று நாம் மேடையில் ஏறி முழங்குகிறோம்; முழங்கிவிட்டு இறங்கி வீட்டுக்குப் போய்விடுகிறோம். இந்தக் குருவி அந்த வாக்கியத்தை வருஷத்துக்கு இரண்டு முறை சிறகால் எழுதிக் காட்டுகிறது. கன்னியாகுமரியோடு நிற்காமல் கடலையும் தாண்டிப் போகிறது. அனுமதிச் சீட்டு கேட்பார் இல்லை.

*

இனி, 'ஈப்பிடிப்பான்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிப்போம். அந்தரத்தில் பறக்கும் பூச்சியைக் கிளையிலிருந்து பாய்ந்து பிடிப்பதால் ஏற்பட்ட பெயர் அது. தொழிலை வைத்து வந்த பெயர். ஆனால் தொழிலை வைத்து உறவு சொன்னால் என்ன ஆகும்? ஒரே தெருவில் கடை வைத்திருப்பவர்கள் எல்லாம் பங்காளிகள் ஆகிவிடுவார்கள்!

பட்சி சாஸ்திரத்தில் இந்தக் குழப்பம் நெடுங்காலம் இருந்தது. நம் ஊர்த் தோப்புகளில், வெண்ணாடை போன்ற நீண்ட வாலைக் காற்றில் அலையவிட்டுக்கொண்டு போகும் அரசவால் ஈப்பிடிப்பானை நேயர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். பெயரில் ஈப்பிடிப்பான் இருப்பதாலும், பூச்சியைப் பிடிப்பதாலும், அதையும் நம் காஷ்மீரக் குருவியோடு சேர்த்து ஒரே குடும்பமாக எண்ணினார்கள். இன்று அது வேறு குடும்பம் என்று தெரிந்து பிரித்துவிட்டார்கள். மாறாக, வீட்டுக் கொல்லையில் விடியற்காலையில் சீழ்க்கையடித்து நம்மை எழுப்பும் குண்டுக்கரிச்சானைப் பூங்குருவிகளின் குடும்பத்தில் வெகு காலம் வைத்திருந்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, அதுதான் ஈப்பிடிப்பான்களின் உண்மையான உறவு என்று ஏற்பட்டது. அமெரிக்காவிலும் ஈப்பிடிப்பான்கள் என்று நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. அவற்றுக்கும் நம்முடையவற்றுக்கும் நெருங்கிய சம்பந்தம் கிடையாது. பூச்சியைப் பிடிக்கும் தொழில் ஒன்றாக இருப்பதால், அகன்ற அலகும் அலகோரத்து மீசையும் தனித்தனியே ஏற்பட்டிருக்கின்றன.

அப்படியானால் உறவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? முற்காலத்தில் பொருட்காட்சிச் சாலைகளில் வைத்த தோல்களின் நிறம், அலகின் நீளம், சிறகின் அளவு இவற்றைக் கொண்டு தீர்மானித்தார்கள். பிறகு பாட்டையும் கூப்பாட்டையும் கேட்டார்கள். கூடு, முட்டை, குஞ்சின் இறகு முதலியவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். இப்பொழுது உயிரணுவுக்குள் இருக்கும் மரபுப் பொருளையே படித்துப் பார்க்கிறார்கள். கோவிலில் நாம் சொல்லும் கோத்திரம் ஞாபகப் பிசகாக இருக்கலாம். உயிரணுவில் எழுதிய கோத்திரத்தை மாற்றிச் சொல்ல முடியாது. செம்மார்புக் குருவியும் டைகாக் குருவியும் ஒரே இனமா, இரண்டு இனங்களா என்ற பழைய வழக்கும் இவ்விதமே முடிந்தது. 2005-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் இறகு, பாட்டு, கூப்பாடு, மரபுப் பொருள் ஆகிய நான்கு சாட்சிகளும் ஒருமுகமாக நின்று, அவை தனித்தனி இனங்களே என்று சொல்லின.

மூன்று குருவிகளும் சேர்ந்த பேரினத்துக்கு லத்தீன் மொழியில் ஃபைஸெடுலா என்று பெயர். 1760-ல் பிரான்ஸ் தேசத்துப் பிரிஸ்ஸோன் அந்தப் பெயரைச் சாஸ்திரத்தில் ஏற்றினார். அத்திப்பழம் தின்னி என்பது அதன் பொருள். ஈயைப் பிடிப்பதற்கு அத்திப்பழம் தின்னி என்று பெயர் வைத்தது ஒரு வேடிக்கை. அதைவிடப் பெரிய வேடிக்கை ரோமாபுரியில் நடந்தது. பிளினி என்ற பேரறிஞர், ஃபைஸெடுலா என்னும் குருவி இலையுதிர்காலம் கழிந்ததும் கருந்தலைக் குருவியாக மாறிவிடுகிறது என்று எழுதிவைத்தார். ஒரு குருவி வலசை போய்விட, அந்த இடத்தில் இன்னொரு குருவி காணப்பட்டால், முதலாவதே இரண்டாவதாக உருமாறியது என்று எண்ணிவிட்டார்கள். வலசை போதல் என்ற ஒன்றைச் சரியாக அறியாத காலத்தில் வேறு என்ன சொல்ல முடியும்? பிளினியே தவறும்போது ஒரு வாரப் பத்திரிகை தவறுவது மன்னிக்கத்தக்கதே என்று நேயர்கள் கருதினால், நாம் ஆட்சேபிக்கப் போவதில்லை.

*

காஷ்மீர ஈப்பிடிப்பான் பெயர் பெற்ற கதை இன்னும் சுவையானது.

செம்மார்பு ஈப்பிடிப்பானுக்கு 1792-ல் ஜெர்மனியில் பெக்ஸ்டைன் என்பவர் 'பார்வா' என்று பெயரிட்டார். சிறியது என்று அர்த்தம். டைகாக் குருவிக்கு 1811-ல் பல்லாஸ் என்பவர் பெயரிட்டார். காஷ்மீரக் குருவிக்கோ 1866 வரை சாஸ்திரத்தில் பெயரே கிடையாது. அந்த வருஷத்தில் பெர்லின் நகரத்துக் கபானிஸ் என்னும் ஆராய்ச்சியாளர், இலங்கையில் கிடைத்த குருவியைக் கொண்டு 'ஹைபெரித்ரா' என்று பெயரிட்டார். கீழே சற்றுச் சிவந்தது என்று கிரேக்க மொழியில் பொருள். ஆகவே, காஷ்மீரத்தில் பிறந்து, இலங்கைக்கு வலசை வந்து, ஜெர்மனியில் நாமகரணம்! தாய் தகப்பன் அருகில் இல்லாமலே குழந்தைக்குப் பெயர் சூட்டியாகிவிட்டது.

அந்தப் பெயரும் நிலைக்கவில்லை. வேறொரு ஹிமாசலக் குருவிக்குப் பிளைத் என்பவர் 1843-லேயே 'ஹைபெரித்ரா' என்று பெயர் வைத்திருந்தார். அந்தக் குருவியையும் இந்தக் குருவியையும் ஒரே பேரினத்தில் சேர்த்தபோது, ஒரே பெயரில் இரண்டு பேர் நின்றார்கள். பட்சி சாஸ்திரத்தில் இதற்கு விதி உண்டு: முன்னே பெற்றவனுக்கே பெயர், பின்னே வந்தவன் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே, 1934-ல் ஹார்ட்டர்ட், ஸ்டைன்பாகர் என்ற இரு ஜெர்மானியப் பண்டிதர்களின் நூலில் நம் குருவிக்குப் புதுப் பெயர் வந்தது. 'சுப்ருப்ரா' என்று வைத்தார்கள். அதுவும் சற்றுச் சிவந்தது என்பதே. கிரேக்கப் பெயரை லத்தீனில் மொழிபெயர்த்துக் கொடுத்து வழக்கைத் தீர்த்துவிட்டார்கள்.

ஆனால் பெயர் கிடைத்தபோதும் அந்தஸ்து கிடைக்கவில்லை. 'பார்வா'வின் ஓர் உள்ளினம் என்றே அதைப் பதிவு செய்தார்கள். அதாவது, ஐரோப்பாக் குருவியின் காஷ்மீரக் கிளை! பின்னர் வந்த ஆராய்ச்சியாளர்கள் அதன் நிறத்தையும் அதன் பிறப்பிடத்தின் தனிமையையும் ஆராய்ந்து, தனி இனம் என்று பிரித்தார்கள். இன்று ஃபைஸெடுலா சுப்ருப்ரா என்பதே அதன் முழுப்பெயர். நாம் இரண்டு வருஷங்களுக்கு முன் செய்தது என்னவென்றால், அது பெற்ற சுதந்திரத்தைப் பறித்து மறுபடி ஐரோப்பாவோடு இணைத்ததுதான். இந்தப் பத்திரிகையில், இந்தப் பேனாவால், இப்படி ஒரு காரியம் நடந்துவிட்டதே என்று நாணுகிறோம்.

"போகட்டும், ஐயா, எந்தப் பெயரால் அழைத்தால் என்ன? குருவி என்ன கோபித்துக்கொள்ளவா போகிறது?" என்று ஒரு நேயர் கேட்கலாம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால் குருவியைக் கணக்கெடுப்பவர்கள் பெயரை வைத்தே எடுக்கிறார்கள். ஐரோப்பாவிலும் ஸைபீரியாவிலும் செம்மார்பு ஈப்பிடிப்பான்கள் ஏராளம். காஷ்மீரக் குருவியை அந்தப் பெரிய கணக்கில் போட்டால், அது முற்றும் அழிந்துபோனாலும் கணக்கில் குறைவு தெரியாது. சமுத்திரத்தில் ஒரு செம்பு நீரை ஊற்றினாலும் எடுத்தாலும் ஒன்றுதானே? தனி இனம் என்று பிரித்து எழுதிய பிறகே, அதன் காடு எவ்வளவு சிறியது என்பதும், அந்தக் காட்டில் கோடரி எவ்வளவு தூரம் புகுந்துவிட்டது என்பதும் கண்ணில் பட்டன. விறகுக்காகவும், விலைக்காகவும், மேய்ச்சலுக்காகவும் அந்த அகன்ற இலைக் காடுகள் சுருங்கின. பொந்துள்ள கிழட்டு மரங்கள்தாம் முதலில் வீழ்வன. அந்தப் பொந்துகளில்தான் இக்குருவி குஞ்சு பொரிக்க வேண்டும். தனிப் பெயர் பெற்றதனால்தான், ஆபத்துக்குள்ளாகக்கூடிய பட்சிகளின் உலகப் பட்டியலில் அதைச் சேர்த்து எச்சரிக்க முடிந்தது.

ஆகவே, பெயர் என்பது வெறும் பெயர் அல்ல; தேர்தல் ஜாபிதாவில் பெயர் இல்லாதவனுக்கு ஓட்டு உண்டா? அதைப் போல்தான்.

*

இவ்வளவையும் தெரிந்துகொண்டு, சென்ற மாதம் மறுபடியும் உதகமண்டலத்துக்குப் போனோம். கடிதம் எழுதிய ஆசிரியையையும் அழைத்திருந்தோம். அவர் தம் தாயாருடனும், ஒரு பழைய தூரதிருஷ்டிக் கண்ணாடியுடனும், அட்டை கிழிந்த ஒரு நோட்டுப் புஸ்தகத்துடனும் குன்னூரிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்து சேர்ந்தார். "பிழையை ஒப்புக்கொள்கிறோம், அம்மா" என்றோம். "முதலில் குருவியைப் பார்ப்போம், ஐயா, ஒப்புக்கொள்வது அப்புறம் ஆகட்டும்" என்றார்.

நண்பரின் தோட்டத்துக்குப் போனதும் நமக்குத் திடுக்கென்றது. மூலையிலிருந்த நாவல் மரத்தின் அடியில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருந்தது. விசாரித்தோம். விருந்தினர்களுக்காக அங்கே இரண்டு அறைகள் கட்டப்போவதாகவும், மரத்தை வெட்ட ஆள் பேசியாகிவிட்டதென்றும் நண்பர் சொன்னார். அவர் கொடியவரல்ல. அந்த இரண்டு அறைகளில் ஒன்று நமக்காகவே என்று அன்போடு வேறு சொன்னார்.

ஒரு மணி நேரம் நின்றோம். கை விறைத்தது, ஆசிரியையின் தாயார் திண்ணையில் உட்கார்ந்து, எல்லோருக்கும் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். கடைசியில் குருவி வந்தது. அதே கிளை. வால் சட்டென்று மேலே போயிற்று, வெள்ளை பளிச்சிட்டது. ஆனால் மார்பில் சிவப்பு இல்லை. மங்கிய பழுப்பு.

"காஷ்மீரம்தானே, அம்மா?" என்று அவசரமாகக் கேட்டோம்.

ஆசிரியை கண்ணாடியை இறக்கவில்லை. வெகு நேரம் பார்த்தார். பிறகு, "தெரியாது, ஐயா" என்றார். "பெண் குருவியாக இருக்கலாம், வயது வராத ஆணாகவும் இருக்கலாம். இந்த உடையில் மூன்று இனங்களும் ஒன்று போலத்தான் தெரியும். வால் அடியில் வெள்ளை இருந்ததைப் பார்த்தேன். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை." நோட்டுப் புஸ்தகத்தில் தேதி, நேரம், இடம், மரம் எல்லாம் எழுதினார். பேரினத்தின் பெயரை எழுதினார். அதற்கடுத்து இனத்தின் பெயர் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டார்.

அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றோம். இருபது வருஷங்களுக்கு மேலாக நாம் எழுதிவருகிறோம். தெரியாத இடத்தை ஒரு முறையாவது இப்படி வெறுமையாக விட்டிருப்போமா என்பது சந்தேகம்.

நண்பருக்கு இது ரஸமாக இல்லை. "ஊரும் பேரும் நிச்சயமாகத் தெரியாத ஒரு குருவிக்காகவா மரத்தை நிறுத்தச் சொல்கிறீர்கள்? சரி, அது திரும்பிப் போகும் பங்குனி வரை பொறுக்கிறேன். அதற்கப்புறம் வெட்டலாம் அல்லவா?" என்றார். நியாயமான பேச்சாகவே நமக்குத் தோன்றிற்று.

ஆசிரியை பதில் சொல்லத் தயங்கினார். அவருடைய தாயார்தான், காப்பிப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "பங்குனியில் போகிறது சரி, தம்பி. ஐப்பசியில் திரும்பி வருமே, அப்போது எங்கே உட்காரும்?" என்று கேட்டார். சற்றுப் பொறுத்து, "எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் வழிப்போக்கருக்கென்றே திண்ணை கட்டுவார்கள். வந்து படுக்கிறவனை எந்த ஊர் என்று கேட்டுவிட்டா இடம் கொடுத்தார்கள்?" என்றார்.

நண்பர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்விட்டார். நமக்குச் சங்கடமாக இருந்தது. விருந்துக்கு வந்த இடத்தில் விரோதம் சம்பாதித்துக்கொண்டோமோ என்று கூட நினைத்தோம். அன்று மாலை விடைபெறும்போதும் அவர் மரத்தைப் பற்றிப் பேசவில்லை.

வலசைக் குருவிகள் பல, வருஷந்தோறும் அதே தோட்டத்துக்கும் அதே மரத்துக்கும் திரும்பி வருவதைக் காலில் வளையமிட்டுக் கண்டறிந்திருக்கிறார்கள். 1,900 மைலுக்கு அப்பாலிருந்து வந்து, தன் கிளையைத் தேடும் ஒரு குருவிக்கு அங்கே செங்கல் சுவர் எதிர்ப்பட்டால் அது என்ன செய்யும் என்று ரயிலில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தோம். காஷ்மீரத்துக் காட்டை நாம் இங்கிருந்து காக்க முடியாது. அங்குள்ளவர்கள் காக்க வேண்டும். ஆனால் அது ஆறு மாதம் தங்கும் இடம் நம் பொறுப்பில் அல்லவா இருக்கிறது? நுவரேலியாவில் நகரத்தின் நடுவிலுள்ள விக்டோரியா பூங்காவிலேயே இக்குருவியைக் காணலாம். பெரிய வனம் கேட்கும் விருந்தாளி அல்ல அது. சில பழைய மரங்கள், கொஞ்சம் புதர், விஷ மருந்து தெளிக்காத ஒரு மூலை. இவ்வளவு போதும். மலைநாட்டில் தோட்டமும் வீடும் உள்ள நேயர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் சமயத்தில் நண்பரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. வீட்டு விஷயங்களையெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி: அறைகளை வீட்டின் வடபுறத்தில் கட்டுவதாக மேஸ்திரி ஒரு புது வரைபடம் போட்டிருக்கிறாராம், வருகிற ஐப்பசியில் ஆசிரியையையும் அவர் தாயாரையும் கண்ணாடியோடு வரச்சொல்ல வேண்டுமாம்.

குன்னூருக்கு எழுதிவிட்டோம். நோட்டுப் புஸ்தகத்தையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.